ஏரோதுவின் தர்பாரும் இலஞ்சிப் பேச்சியம்மாளும்

1955 டிசம்பர் 23. திருநெல்வேலியிலிருந்து தென்காசிக்கு முப்பத்து மூன்று மைல். பஸ் கட்டணம் ஒரு ரூபாய் இரண்டணா. மிஷன் பள்ளியில் டீச்சராகவும் ஊழியக்காரியாகவும் இருக்கும் எனக்கு இட்ட வேலை சின்னதுதான். குற்றாலம் சாலையில் புதிதாய்க் கூடியிருக்கும் ஒரு சபையார் கிறிஸ்து பிறப்பு நாடகம் போடுகிறார்கள். அக்கம்பக்கத்து இந்துக் குடும்பங்களையும் அழைத்திருக்கிறார்கள். ஆண்டவர் பிறந்த செய்தி அவர்களுக்கு விளங்கும்படி நான் பார்த்துக்கொள்ள வேண்டும். இதில் என்ன கஷ்டம் என்று நினைத்துத்தான் பஸ் ஏறினேன்.

பாவூர்சத்திரத்தில் காய்கறி மூட்டைகளோடு சபரிமலைக்குப் போகும் சாமிமார் சிலரும் ஏறினார்கள். தென்காசியில் இறங்கியபோது நல்ல மழை. சீசன் இல்லாத காலத்தில் குற்றாலத்தைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: அருவியில் கூட்டம் இருக்காது, தண்ணீர் மட்டும் செம்மண் நிறத்தில் இரைந்துகொண்டு விழும். பக்கத்தில் நின்று பேசினாலும் காது கேட்காது.

24-ஆம் தேதி காலையில் இலஞ்சிக்குப் போய் வீடு வீடாக அழைத்தேன். பேச்சியம்மாள் என்ற இளம்பெண் இடுப்பில் கைக்குழந்தையோடு வாசலில் நின்றாள். ஆண்டவர் மாட்டுத்தொழுவில் பிறந்தார் என்று சொன்னதும் அவள் முகம் மாறிவிட்டது.

“நெசமாவா அக்கா? மழையில வீட்டுச் சுவரு விழுந்து, எம் பிள்ளையும் தொழுவுலதான் பொறந்தான். ஊரே கேலி பேசிச்சு. பொறவு அந்தப் பிள்ளைக்கு என்ன ஆச்சு?”

“நாளைக்கு நாடகத்துக்கு வா. எல்லாம் கண்ணாலேயே பார்க்கலாம்” என்றேன். விளக்கு வைப்பதற்குள் திரும்பிவிட வேண்டும் என்று சொல்லி மாமியார் சம்மதித்தாள்.

அன்று மாலை ஒத்திகை. அங்கேதான் எனக்குத் தலைவலி ஆரம்பித்தது. ஜவுளிக்கடை ஞானமுத்து அண்ணாச்சிக்கு, பிறந்த ஆண்டவரைக் கொல்லத் தேடிய ஏரோது ராஜா வேஷம். பந்தல் செலவும் ஆர்மோனியக்காரர் செலவும் அவருடையவை. ஆகையால் நாடகம் ராஜாவின் தர்பாரில்தான் தொடங்க வேண்டுமாம். “முதலில் பிறப்பு, பிறகுதானே ஏரோது? வேதத்தில் அப்படித்தானே இருக்கிறது?” என்று கேட்டேன்.

“தர்பார் இல்லாத நாடகத்த எவன் பாப்பான் டீச்சர்? ரெண்டே பாட்டு பாடுதேன். பொறவு ஒங்க ஆண்டவர் நிம்மதியாப் பொறக்கட்டும்.”

“எங்கள் ஆண்டவரா? அப்படியானால் உங்களுக்கு யார் அண்ணாச்சி?”

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். தர்பார் மட்டும் இடத்தை விட்டு அசையவில்லை.

25-ஆம் தேதி மூன்று மணிக்குத் தொடங்க வேண்டிய நாடகம், ராஜாவின் மீசை ஒட்டாததால் நாலு மணிக்குத் தொடங்கியது. முன்வரிசைப் பாயில் பேச்சியம்மாள் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். நான் திரைக்குப் பின்னால், பாலனாக நடிக்க வந்த ஆறு மாதக் குழந்தையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி இரண்டு பாட்டுப் பாடினார். “ஒன்ஸ் மோர்!” என்று கத்தியவர்கள் வேறு யாருமல்ல, அந்தச் சபை மூப்பர்கள். இரண்டு பாட்டு ஐந்தாயிற்று. மந்திரியோடு ஒரு வாக்குவாதம், அதற்கு ஒரு பாட்டு. பெத்லகேமில் உள்ள ஆண் குழந்தைகளையெல்லாம் வெட்டச் சொல்லி அவர் அட்டைக் கத்தியை வீசியபோது வெயில் மலைக்குப் பின்னால் போய்விட்டது.

திரை இடுக்கு வழியாகப் பார்த்தேன். மாமியார் பேச்சியம்மாளின் கையைப் பிடித்து இழுத்தாள். அவள் குழந்தையை மாரோடு அணைத்துக்கொண்டு, மேடையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போனாள். “இரும்மா!” என்று நான் கத்தியது ஆர்மோனியத்தில் அடிபட்டுப் போயிற்று. அவளோடு மற்ற விருந்தாளிகளும் எழுந்துவிட்டார்கள். ஒருவழியாக மாட்டுக்குத் தீனி வைக்கும் முன்னணையில் பாலன் கிடத்தப்பட்டபோது, எதிரே இருந்தவர்கள் பிறந்தது முதல் இந்தக் கதையைக் கேட்டுவருகிற நாங்கள்தான். எனக்கு அழுகையாக வந்தது.

“நம்ம பாட்டு எப்படி டீச்சர்?” என்று மீசையைப் பிய்த்துக்கொண்டே அண்ணாச்சி கேட்டார். பண்டிகை நாளும் அதுவுமாக வாயைத் திறந்து பாவத்தைத் தேடிக்கொள்வானேன் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

26-ஆம் தேதி காலை குதிரை வண்டி பிடித்தேன். பாதி வழியில் இலஞ்சிக்குத் திருப்பச் சொன்னேன்.

“பஸ்ஸு போயிரும்மா” என்றார் வண்டிக்காரர்.

“போகட்டும்.”

எங்கள் ஊர் வேதக்கோவிலிலும் நட்சத்திர விளக்குக்குச் சண்டை உண்டு, பலகாரத்துக்குப் போட்டி உண்டு. தென்காசியை மட்டும் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் பிறந்தநாள் யாருடையது என்பதையே மறந்துவிட்டு ஒரு கொண்டாட்டமா என்று வழியெல்லாம் பொருமிக்கொண்டே போனேன்.

பேச்சியம்மாள் வாசலிலேயே இருந்தாள். குழந்தையைக் கீழே விடவில்லை. கண் சிவந்திருந்தது. என்னைக் கண்டதும் ஓடிவந்தாள்.

“அக்கா, அந்த ராஜா வெட்டச் சொன்னானே, தொழுவுல பொறந்த பிள்ளையையும் வெட்டிட்டாவளா?”

“இல்லையம்மா. தாயும் தகப்பனும் ராத்திரியோடு ராத்திரியாகத் தூக்கிக்கொண்டு எகிப்துக்குப் போய்விட்டார்கள். பிள்ளை பிழைத்துக்கொண்டார்.”

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். குழந்தையின் தலையைத் தடவிக்கொடுத்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“அம்புட்டுப் பேரு இருந்தீயளே அக்கா. இத ஒரு வார்த்த நேத்தே சொல்லியிருக்கக் கூடாதா?”