பேச்சியம்மன் சங்கத்துக்கு ஏழாவது கையெழுத்து

1979ஆம் வருடம் ஐப்பசி மாதம் ஒரு வியாழக்கிழமை, என் தங்கை செல்லத்தாய் மாட்டுவண்டியில் இறந்துபோனாள். தலைப்பிரசவத்துக்காகத் தாய்வீட்டுக்கு வந்தவள். வலி கண்டதும் கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு புறப்பட்டோம். எங்கள் ஊரிலிருந்து தார்ரோடு மூன்று மைல். காய்ந்து கிடந்தால் நடந்தே போய்விடலாம். மழை பெய்த கரிசல் மண்ணில் சக்கரம் அச்சு வரை இறங்கிவிட்டது. ஆண்கள் எல்லோரும் தோள் கொடுத்தும் வண்டி அசையவில்லை. தார்ரோடு கண்ணுக்குத் தெரிந்தது. அதில் பஸ் போவதும் தெரிந்தது. அங்கேயே அவள் அடங்கிப்போனாள். பிள்ளையும் தங்கவில்லை.

மழை பெய்த நாளையெல்லாம் டைரியில் குறித்து வைக்கிறவன் நான். அன்றைய பக்கத்தில் எதுவும் எழுத முடியவில்லை. கார்த்திகை முழுக்கப் பேச்சியம்மன் கோவில் பக்கம் போகவில்லை. பிள்ளை பெறுகிறவளுக்குக் காவல் நிற்பவள் என்றுதானே அவளைக் கும்பிடுகிறோம்? அன்றைக்கு எங்கே போனாய் என்று வீட்டிலிருந்தே கேட்டேன்.

பங்குனியில் என் தம்பி மனைவி மாரியம்மாள் உண்டாகியிருப்பது தெரிந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். பேறுகாலம் மறுபடியும் ஐப்பசியில்.

வழி சொன்னவர் ஆடு மேய்க்கும் சுடலைமுத்து அண்ணாச்சி. "மழையில ரோட்டுக்கு வண்டி போவாதுன்னா, மழைக்கு முந்தியே பிள்ளைத்தாய்ச்சிய ரோட்டுக்குக் கொண்டாந்துர வேண்டியதுதானய்யா" என்றார். தார்ரோட்டை ஒட்டி அவர் ஆட்டுக்கிடை போடும் சொந்த நிலத்தில் ஒரு துண்டைக் கொடுத்தார். ஆனி முடிவதற்குள் அங்கே ஒரு அறை எழுப்பி ஓடு போட்டுவிட்டோம். பேறுகாலம் நெருங்கியவர்கள் அங்கன வந்து தங்கிக்கொள்ள வேண்டியது. வலி கண்டால் பஸ்ஸோ லாரியோ எதையாவது மறித்து ஏற்றிவிட வேண்டியது. இவ்வளவுதான் ஏற்பாடு.

வாரம் ஒருமுறை நர்ஸ் வந்து பார்த்தால் நல்லது என்று ஆஸ்பத்திரி டாக்டரம்மாவிடம் கேட்டோம். "பதிவு செஞ்ச சங்கம்னா அனுப்பலாம். ஊர்க்காரங்க கட்டின கொட்டகைக்கு அனுப்ப எனக்கு அதிகாரம் இல்லை" என்றார். நிலத்தை எழுதி வைக்கவும் சங்கம் வேண்டியிருந்தது.

சங்கம் என்றால் ஏழு பேராவது வேண்டும் என்பது சட்டம். கோவில் முன்னால் உட்கார்ந்து பெயர் எழுதினோம். எங்கள் ஊரில் பொதுக்காரியம் எதுவானாலும் முதல் பெயர் அம்மன் பெயர்தான். கோவில் கொடைத் திருவிழாவுக்கு நான் வரி எழுதும்போதும் முதல் வரி அவள் தலையில்தான். அதை யாராவது ஒருவர் கட்டிவிடுவார். அந்தப் பழக்கத்தில் தலைவர் பேச்சியம்மன் என்று எழுதி, அடுத்து நாங்கள் ஆறு ஆண்கள் பெயர் எழுதினோம். ஏழு சரியாக வந்தது. ஒருவருக்கும் தப்பாகத் தெரியவில்லை.

ஆடி மாதம் திருநெல்வேலிப் பதிவு அலுவலகத்தில் குமாஸ்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தார்.

"தலைவர், பேச்சியம்மன். தொழில், காவல். என்ன அண்ணாச்சி இது?"

"அவ தொழில் அதுதான சார்" என்றார் சுடலைமுத்து அண்ணாச்சி.

"வயசு எழுதலையே?"

"எங்க பாட்டன் காலத்துலயே அவளுக்கு வயசு தெரியாது."

பக்கத்து மேசைகளில் சிரித்தார்கள். குமாஸ்தா சிரிக்காமல் சொன்னார்: "சங்கத்துக்கு அம்மன் பேரை வைங்க, தப்பில்ல. உறுப்பினரா உசுரோட ஒரு ஆள் கையெழுத்துப் போடணும். ஏழாவது ஆளோட வாங்க."

ஏழாவது ஆளாக எங்கள் ஊரில் நிலபுலன் நிறைய உள்ள பெரிய சம்சாரி ராமசுப்பு முதலாளி வந்து நின்றார். ஊரில் பம்புசெட் கிணறு அவருக்கு மட்டும்தான். "நான் போடுதேன். தலைவர் நான். ரூம்புல எங்க பொம்பளைய இருக்கட்டும். ஆட்டுக்காரப் பொம்பளையளுக்குப் பின்னால ஓலைச் சாய்ப்பு ஒண்ணு இறக்கிரலாம்" என்றார்.

"நெலம் குடுத்ததே ஆட்டுக்காரருதான" என்றேன்.

"ஏலே, நாலு புஸ்தகம் படிச்சா ஊரை ஆளலாம்னு நெனைப்பா? ஏழாவது கையெழுத்து எவன் போடுதான்னு பாப்போம்."

அவர் சும்மா பார்த்துக்கொண்டு இருக்கவில்லை. கையெழுத்துப் போடுகிறவன் தோட்டத்துக்குத் தண்ணீர் கிடையாது என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார். என் தம்பியே பேனாவைத் தொடவில்லை. அவன் மிளகாய் அந்தக் கிணற்றுத் தண்ணீரில்தான் நின்றது. ஆடி போய் ஆவணி பிறந்தது. நான் படியேறாத வாசல் இல்லை. "தலைவர் பதவியக் குடுத்துத் தொலையுங்க, காரியமாவது நடக்கும்" என்று நல்லவர்களே சொன்னார்கள். அந்தச் சாய்ப்பில் ஈர மண்ணில் ஒருத்தி படுத்துக் கிடப்பதை நினைத்தேன். மாட்டேன் என்றேன்.

ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை கோவிலுக்குப் போனேன். கையைக் கூப்பவில்லை. சண்டைதான் போட்டேன். "ஒரு தடவை விட்டுட்ட. இந்தத் தடவை விடமாட்டேன். உம் பேரை எழுதுனேன், உசுரோட ஆள் கேக்காவ. அந்த ஆளை நீதான் அனுப்பணும். அனுப்பலைன்னா உங்கொடைக்கு இனி நான் வரி எழுத மாட்டேன். வேற கணக்கப்பிள்ளை பாத்துக்க." அழுகை வந்தது. துடைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டு வாசலில் மாரியம்மாள் நின்றாள். ஏழு மாத வயிறு. என் எதிரே நின்று பேசாதவள்.

"அத்தான், நான் கையெழுத்துப் போட்டாச் செல்லாதா?"

ஊரில் ஆண்களாகத் தேடியலைந்தேனே தவிர, பெண்களிடம் கேட்கத் தோன்றவே இல்லை. அறை அவர்களுக்கு. அம்மன் பெயரை எழுதினோம், அவர்கள் பெயரை எழுதவில்லை.

"செல்லும். ஆனா உம்புருசன் மொளகா என்னாவுறது?"

"இந்த வருசம் காஞ்சா அடுத்த வருசம் போட்டுக்கிடலாம். செல்லத்தாயி மைனிய திரும்பப் போட முடியுமா?"

என் தம்பி உள்ளேயிருந்து வந்தான். பேனாவை எடுத்து அவளிடம் கொடுத்தான். ஐந்தாம் வகுப்பு எழுத்தில், கொம்பும் காலும் பிசகாமல் எழுதினாள்.

மறுநாள் அதைவிடப் பெரிய காரியம் நடந்தது. முதலாளி தோட்டத்தில் களையெடுத்த பெண்களிடம் மாரியம்மாள் பேசியிருக்கிறாள். பொழுதடைய, களைகொத்தியும் கையுமாக நேரே என் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அவர் கூலிக்காரிகள்தான். "நாளைக்கு அவிய வேலை குடுக்காட்டி, உலகத்துல களையே மொளைக்காதாக்கும்" என்றாள் ஒருத்தி. ஐந்து பேர் பெயர் கொடுத்தார்கள். இரண்டு பேர் கைநாட்டு. நான் கேட்டது ஒரு ஆள்.

குமாஸ்தா இந்தமுறை வயது, தொழில் எல்லாம் பார்த்துவிட்டு, "அம்மனை எடுக்கச் சொன்னதுக்கு இத்தனை பேரா?" என்றார். தலைவர் மாரியம்மாள். சங்கத்தின் பெயர் பேச்சியம்மன் பேறுகால உதவிச் சங்கம். புரட்டாசியில் பதிவாகிவிட்டது. அந்த வாரமே நர்ஸ் வந்தார்.

முதலாளி சொன்னபடி தண்ணீரை நிறுத்தினார். தம்பி மிளகாய் காய்ந்து சருகானது. அதையும் சொல்லத்தான் வேண்டும். அம்மன் காப்பாற்றினாள் என்றால் நஷ்டமே இல்லை என்று அர்த்தமில்லை. அவர் இன்றுவரை எங்களோடு பேசுவதில்லை. பேசாவிட்டால் போகட்டும்.

ஐப்பசியில் மழை பிடித்தபோது மாரியம்மாள் அறையில் இருந்தாள். பக்கத்துக் கட்டிலில் சுடலைமுத்து அண்ணாச்சியின் மருமகள். விடியற்காலையில் மாரியம்மாளுக்கு வலி கண்டது. அண்ணாச்சி தார்ரோட்டின் நடுவில் நின்று உப்பு லாரியை மறித்தார். கோவில்பட்டியில் பெண்குழந்தை, தாயும் சுகம். அன்றைய டைரியில் மழையையும் எழுதினேன், பிள்ளையையும் எழுதினேன். மறுநாளே கோவிலுக்குப் போய்க் கைகூப்பி நின்றேன். என் தங்கைக்காக இன்னும் அவளிடம் எனக்கு வழக்கு இருக்கிறது. ஆனாலும் அவள் கேட்கிறாள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இப்போது ஒருநாளும் அவளைப் பார்க்காமல் இருப்பதில்லை.

அம்மனின் பிள்ளைகளே, உங்களுக்கு வேண்டியதை அவளிடம் கேளுங்கள். பணிந்து கேட்க முடியாவிட்டால் சண்டை போட்டுக் கேளுங்கள், அவள் தாங்குவாள். இந்த வருடமும் வானம் கறுக்கும் முன்னே, உங்கள் வீட்டுப் பிள்ளைத்தாய்ச்சியை ரோட்டடி அறைக்குக் கூட்டி வாருங்கள். எந்தத் தெரு என்று அங்கே கேட்க மாட்டோம்.