சட்டென்று கழற்றும் பட்டை

சுளுக்கிய என் மணிக்கட்டுக்குப் பட்டை வாங்க மோகனூர் மருந்துக்கடைக்குப் போனேன். எனக்கு முன்னால் நின்ற பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். பேசும்போதெல்லாம் சேலைத் தலைப்பை இழுத்து, வீங்கியிருந்த மணிக்கட்டை மூடிக்கொண்டாள். கடைக்காரர் எடுத்துக் கொடுத்த சுற்றுத்துணியை வேண்டாம் என்றாள்.

"சட்டுனு கழட்டற மாதிரி குடுங்க."

"நாள் முழுக்கப் போட்டிருந்தாத்தானுங்க வீக்கம் வடியும்," என்றார் அவர்.

"எங்கூட்டுக்காரரு வர்றதுக்குள்ள கழட்டிரணுங்க. கட்டோட பாத்தா இன்னும் கோவம் வந்துருமுங்க."

நான் அவள் தோளைத் தொட்டு, "எங்கூட எங்க வீட்டுக்கு வந்துர்றீங்களா?" என்றேன்.

"புள்ளைங்க பள்ளிக்கூடம் உட்டு வந்துருமுங்கக்கா," என்று சிரித்தாள். ஒட்டிப் பிரிக்கும் பட்டை ஒன்றை வாங்கிக்கொண்டு வேகமாக நடந்துவிட்டாள்.

என் சுளுக்கு சரியாகிவிட்டது. இப்போதெல்லாம் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கும் பெண்களின் முகத்தை நான் பார்ப்பதில்லை, மணிக்கட்டைத்தான் பார்க்கிறேன்.