கடலுக்கு முதுகு காட்டிய வீடு

மொன்றியலில் குளிர்கால வெயில் கொஞ்சம் எட்டிப் பார்த்தால் போதும், பஸ் நிறுத்தத்தில் நிற்கிற அத்தனை பேரும் தெற்குப் பக்கமாகத் திரும்பிக் கண்ணை மூடிக்கொள்வார்கள். வந்த புதிதில் ஏதோ வழிபாடு என்றே நினைத்தேன். இங்கே வீடு விற்பவர்களுக்கும் தெற்குதான் பெரிய சொல். நாங்கள் பியர்பொன்ட்ஸ் புறநகரில் வீடு தேடிய காலத்தில், தரகர் பெண் தெற்கு பார்த்த வீடுகளாகத் தேடித் தேடிக் காட்டினாள். என் கணவர் வாசலிலேயே தலையை ஆட்டிவிட்டுக் காரை நோக்கி நடந்தார். கடைசியில் வாங்கியது வடக்கு வாசல் வீடு. நண்பகலிலும் முன்னறையில் விளக்குப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். எனக்கு எரிச்சல்தான். ஆனாலும் வாய் திறந்ததில்லை, ஏனென்றால் காரணம் எனக்குத் தெரியும்.

என் கணவர் குடும்பத்தின் ஊர் காங்கேசன்துறைக்குப் பக்கத்தில், கடலோரம். லொறி உள்ளே வரவேண்டும் என்று மாமனார் ஒருமுறை தெற்கு மதிலை இடித்துப் படலை வைத்தார். அந்த வருடமே மூத்த மகன் அந்தப் படலையால் வெளியே போனவர், திரும்பி வரவில்லை. போர் யாரை எந்த வாசலால் கொண்டுபோகும் என்று யார் கண்டது? ஆனால் இவருடைய அக்கா அதைத் தெற்கின் மேல்தான் போட்டார். தானே பக்கத்தில் நின்று படலையைக் கல் வைத்து மூடுவித்தார். பிறகு ஊரே சிதறியது. அக்கா சுவிஸில், தம்பி குமரன் பாரிஸில், நாங்கள் இங்கே. கல்யாணமோ செத்தவீடோ, மூவரில் ஒருவருக்கு எப்போதும் விசா கிடைக்காது, அல்லது லீவு கிடைக்காது. சமாதான காலத்தில் நானும் இவரும் ஊருக்குப் போனோம். இராணுவத்தின் முள்கம்பிக்கு அப்பால் விட மாட்டார்கள் என்றார்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவரை, வெயில் ஏறுகிறது, வாருங்கள் என்று எத்தனையோ தரம் கூப்பிட்டேன். அதற்குப் பிறகு ஊரில் வீடு கட்டுகிற கதையை இவர் எடுப்பதே இல்லை.

அப்போதுதான் குமரன் ஸ்பெயின் கதையைக் கொண்டுவந்தான். உல்லாசப் பயணிகள் வருகிற ஒரு கடலோர நகரம்; புதிதாகக் கட்டுகிற வரிசை வீடுகள்; மூவரும் சேர்ந்து ஒன்று வாங்கினால் கோடையில் ஒரே கூரைக்குக் கீழ் இருக்கலாம். இவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் பல வருடமாகப் பார்த்திருக்கவில்லை. அதனால் நானும் சம்மதித்தேன்.

விற்பனை முகவர் ஒரு சனிக்கிழமை எங்கள் சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்தார். முன்வரிசையில் ஒரு வீடுதான் மிச்சம், வாசலைத் திறந்தால் கடல். பின்வரிசையிலும் ஒன்று, அதற்கு வாசல் வடக்கே. "ப்ளேன் சுட், மதாம்! முழுத் தெற்கு!" என்று முன்வரிசையைக் காட்டி விரல்களைக் குவித்தார். மாலைக்குள் சொல்லாவிட்டால் இரண்டும் கைவிட்டுப் போய்விடும் என்றார். தொலைபேசி ஒலிபெருக்கியில் அக்காவும் குமரனும் காத்திருந்தார்கள்.

"அண்ணை, முன் வீட்டை எடுங்கோ. யோசிச்சுக்கொண்டு நிக்காதேங்கோ" என்றான் குமரன்.

"வாசல் எந்தப் பக்கம்?" என்றார் அக்கா.

இவர் என்னைப் பார்த்தார். "தெற்கு, அக்கா."

"நீங்கள் எடுங்கோ. நான் வரமாட்டன்."

"உதெல்லாம் இந்தக் காலத்திலை ஆர் பாக்கினம், அக்கா?"

"பெரியண்ணை போகேக்கை நீ சின்னப்பிள்ளை, குமரன். படலையடியிலை நிண்டது நான்."

என்ன பிரச்சினை என்று முகவர் என்னிடம் கேட்டார். என் அரைகுறைப் பிரெஞ்சில், தெற்கு எங்களுக்கு இறந்தவர்களின் பக்கம் என்றேன். திடுக்கிட்டவர், உடனே ஆறுதலாகச் சிரித்தார். அந்தப் பக்கம் மயானம் எதுவுமே கிடையாது, வெறும் கடற்கரைதான், எழுதியே தருகிறேன் என்றார். வேறொரு நாளென்றால் சிரித்திருப்பேன். அன்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அக்காவுக்குப் பேந்து விளங்கப்படுத்தலாம். இப்ப முன் வீட்டை எடுங்கோ" என்றேன்.

"நீர் சும்மா இரும்."

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அந்தக் குரலில் இவர் என்னோடு பேசியதில்லை. விரலைப் பின்வரிசையில் வைத்தார். அங்கிருந்து கடல் தெரியாது, கார் நிறுத்துமிடமும் ஒரு மொட்டை மலையும்தான் தெரியும் என்று முகவர் திரும்பத் திரும்பச் சொன்னார். குமரன் தொலைபேசியை வைத்துவிட்டான். முகவர் போன பிறகும் எனக்கு ஆறவில்லை.

"கடல் தெரியாத வீட்டை என்னத்துக்கு வாங்கிறியள்?"

"அக்கா வருவா" என்றார்.

அடுத்த கோடையில் அக்கா வந்தார். வலது காலை எடுத்து வைத்து உள்ளே போய், புது அடுப்பில் பால் பொங்கவிட்டார். முகத்தைத் தூக்கிக்கொண்டு வந்த குமரனும் அக்காவின் மீன்குழம்போடு வழிக்கு வந்துவிட்டான். மாலையில் வாசலில் கதிரை போட்டு, கார்களையும் மலையையும் பார்த்தபடி இருந்தோம். வீட்டுக்குப் பின்னால் கடல் இரைந்துகொண்டிருந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மூவரும் ஒன்றாக இருந்து சிரிப்பதை அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன், மனம் நிறைந்திருந்தது.

பக்கத்து வீட்டு ஸ்பானியப் பெண்மணி கடையிலிருந்து வந்தவர், எங்களைப் பார்த்து நின்றார். பாஷை இல்லை. இந்த வீட்டைக் காட்டி இது சரி என்பதுபோல் தலையாட்டிவிட்டு, கையைத் தூரத்துக்கு வீசி, உங்கள் வீடு எங்கே என்று சைகையால் கேட்டார்.

அக்காவின் கை யோசிக்காமல் கிழக்கே போனது, ஊர் இருக்கிற பக்கம். குமரன் மலைக்கு மேலால் பாரிஸைக் காட்டினான். இவருடைய கையும் அதே வேகத்தில் எழுந்து மேற்கைக் காட்டியது, மொன்றியலை. எனக்குள் ஒரு சந்தோஷம் குபீரென்று வந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்ததும் அது அணைந்துவிட்டது.

"தம்பி, எங்கடை வீடு அங்காலையோ?"

இவர் நீட்டிய கையை மெல்ல இறக்கி மடியில் வைத்து, மற்றக் கையால் பொத்திக்கொண்டார்.