தங்கமீனும் அரைப் பைக்கற் உப்பும்

தொண்ணூறுகளில், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நாங்கள் குடியேறியிருந்த மவுண்ட் ரோஸ்கில்லில், பத்து வயதில் நான் ஒரு கொலை செய்தேன். செத்தது எங்கள் வகுப்பின் தங்கமீன். பள்ளி விடுமுறைக்கு அதைக் கண்ணாடித் தொட்டியோடு வீட்டுக்குக் கொண்டுபோகும் பெருமை, எல்லோரையும்விட உயரமாகக் கையைத் தூக்கியதால் எனக்குக் கிடைத்திருந்தது.

பள்ளி திறக்க நான்கு நாள் இருக்கையில் மீனின் உடம்பெல்லாம் ரவை தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள். மாமாவிடம் ஓடினேன். அம்மாவின் தம்பி, யாழ்ப்பாணத்தில் மீன்களின் நோய்களை ஆராய்ந்தவர். இங்கே அவருடைய பட்டத்தை எந்த அலுவலகமும் நம்பாததால், மனுகாவில் ஒரு கடைத்தொகுதியில் தள்ளுவண்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். தொட்டியைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. நோயைக் கண்டு அப்படிச் சந்தோசப்பட்ட வைத்தியரை நான் பிறகு பார்த்ததில்லை.

“இது நல்ல தண்ணியில சீவிக்கிற ஒட்டுண்ணி, பிள்ளை. உப்புத் தாங்காது. மீன் கொஞ்சம் தாங்கும். அந்த இடைவெளியிலதான் எங்கட வைத்தியம்.”

சான்ட்ரிங்ஹாம் கடையில் வாங்கிய ஒரு கிலோ கல்லுப்பில் கொஞ்சத்தைத் தேக்கரண்டியால் வழித்து அளந்து, கரைத்து, மெல்ல மெல்ல ஊற்றினார்.

“மீனில ஒட்டியிருக்கேக்க அதை ஒண்டும் செய்யேலாது. கழண்டு விழுந்து, அதின்ர குஞ்சுகள் வேற மீன் தேடி நீந்தேக்கதான் உப்பு அதுகளைக் கொல்லும். பத்து நாள் பொறு.”

பத்து நாளா? திங்கட்கிழமை பள்ளி. புள்ளி விழுந்த மீனோடு எப்படி வகுப்புக்குள் நுழைவது? தவிர, எங்கள் வீட்டில் உப்பை யாரும் கரண்டியால் அளந்ததில்லை. அம்மா கையால் அள்ளிப் போடுவார். காணாவிட்டால் இன்னொரு பிடி. மாமாவுக்கோ சமைக்கவே தெரியாது. அவர் வேலைக்குப் போனதும் அரைப் பைக்கற் உப்பைத் தொட்டிக்குள் கொட்டிக் கலக்கினேன்.

பின்னேரம் மீன் சரிந்து மிதந்தது.

“இவ்வளவு படிச்சும் ஒரு மீனைக் காப்பாத்தேலாமப் போச்சே, தம்பி!” என்றார் அம்மா.

மாமா தண்ணீரில் விரலை விட்டு நாக்கில் வைத்தார். என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

“ஓம் அக்கா. எனக்குத்தான் அளவு பிழைச்சுப் போச்சு.”

ஆசிரியைக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதமும் தந்துவிட்டார். தவறு முழுவதும் தன்னுடையது, பிள்ளையில் குற்றமில்லை. பெயருக்குப் பின்னால் பட்டத்தையும் போட்டிருந்தார். ஆதாரம் கேட்காமல் அந்தப் பட்டத்தை இந்த நாட்டில் முதலில் ஏற்றுக்கொண்டவர் எங்கள் ஆசிரியைதான். அவர் கடிதத்தை வாசிக்க, வகுப்புச் சிரித்தது. நானும் சிரித்தேன், கொஞ்சம் உரக்கவே. எழுதும்போது இப்போதும் காது சுடுகிறது.

அதன்பின் அம்மா மீன் வெட்டும் நாளெல்லாம் மாமாவுக்குக் கேலி. அவர் மீனைப் பற்றிக் கதைப்பதையே விட்டுவிட்டார். அந்தத் தண்ணீர் அவர் நாக்கில் என்ன சொல்லியிருக்கும் என்று எனக்கு யோசிக்கவே தோன்றவில்லை. அவர் சொன்ன பொய்யை நாளடைவில் நானும் நம்பி, இவ்வளவு படித்த மனிதருக்கு உப்புக் கணக்குத் தெரியவில்லையே என்று, மெய்யாகவே, அவருக்காகப் பரிதாபப்படத் தொடங்கியிருந்தேன்.