மொரீஷியஸில் மணி என்ன

எங்கள் ஊரைத் தனி மாவட்டமாகப் பிரித்தார்களே, அதற்கு நாலைந்து வருஷம் கழித்து என் மகள் மொரீஷியஸில் பிள்ளை பெற்றாள். மருமகனுக்கு அங்கே துணி ஆலையில் மெக்கானிக் வேலை.

செங்கம் ரோட்டில் நான் தோட்டவேலை பார்த்த லாட்ஜில் சுவரில் ஒரு உலகப் படம் இருந்தது. மானேஜர் காட்டினார்: ஆப்பிரிக்காவுக்கு இந்தப் பக்கம், கடல் நடுவே ஒரு புள்ளி. ஈ எச்சம் என்று நினைத்துத் துடைக்கப் போனேன். அங்கே ஆடியில் குளிருமாம், மார்கழியில் வேகுமாம். இதெல்லாம் மகள் போனில் சொன்னாள். மணியைப் பற்றி அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

“காலைல ஆறு பத்துக்குப்பா. பொண்ணு” என்றாள். அதை அப்படியே ஜோசியரிடம் சொன்னேன். மூலம் என்று எழுதினார். அப்பனுக்கு ஆகாது என்றார். அந்தப் பேச்சு சம்பந்தி வீடு வரைக்கும் போய்விட்டது.

ஐந்து மாதக் குழந்தையோடு மகள் வந்தாள். கீழ்பென்னாத்தூரில் அவள் மாமியார் வாசலிலேயே மறித்தாள்.

“எம் புள்ளய முழுங்கப் பொறந்தது. உள்ள தூக்கினு வராத.”

குழந்தை அவளைப் பார்த்துச் சிரித்தது. செத்த எலியைக் கண்ட மாதிரி அவள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். மகளையும் குழந்தையையும் என் வீட்டுக்கே கூட்டி வந்தேன். இனி அந்த வீட்டுப்படி ஏற முடியாதோ என்று மகள் சோறு இறங்காமல் கிடந்தாள்.

அப்போதுதான் லாட்ஜுக்கு மொரீஷியஸ் தமிழர் ஒருவர் கிரிவலத்துக்கு வந்தார். காலை ஏழு மணி. அவர் கைக்கடிகாரத்தில் ஐந்தரை.

“வாட்ச் நின்னுபோச்சுங்களே.”

“நிக்கல” என்று ஒவ்வொரு சொல்லாக எண்ணிப் பேசினார். “இது எங்க ஊர் மணி. உங்களுக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால.”

பூவாளியைப் போட்டுவிட்டு ஜோசியர் வீட்டுக்கு ஓடினேன். அவர் பாக்கு மென்றபடி பஞ்சாங்கத்தைப் புரட்டினார்.

“அப்ப நம்ம மணிக்கு ஏழு நாப்பதா? ஏழுக்கே மூலம் முடிஞ்சிடுச்சேய்யா. இது பூராடம். தோஷமே கெடயாது. மொதல்லயே சொல்றதில்ல?”

சேதி சொல்லியனுப்பிய மறுநாளே மாமியார்க்காரி பஸ் பிடித்து வந்துவிட்டாள். “எங் கண்ணு, எந் தங்கம்” என்று வாரியெடுத்து முத்தம் கொடுத்தாள். அதே வாய். மகள் குழந்தையை வாங்கி, எச்சில் பட்ட கன்னத்தைத் துண்டால் துடைத்தாள்.

யோசித்தால் நான் மட்டும் என்ன? கீழ்பென்னாத்தூர் வாசலில் நின்று சண்டை போடவில்லை. ஜோசியர் வீட்டுக்குத்தானே ஓடினேன். என்னை நினைத்தாலும் அருவருப்பாகத்தான் இருக்கிறது.

கடல் தாண்டிப் பிள்ளை பெறுகிறவர்கள் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால் இதைச் சொல்லிவிடுங்கள்: பிறந்த மணியை இங்கே யாருக்கும் சொல்ல வேண்டாம். பெண் பிறந்தது, சுகமாக இருக்கிறது. அவ்வளவு சொன்னால் போதும்.