ஓய்வுநாளில் கொடுத்த துண்டு

பினாங்கில் நான் வேலை பார்க்கும் துணிக்கடையின் சீன முதலாளி, காலையில் கதவைத் திறந்ததும் சாமிக்கு ஊதுபத்தி ஏற்றுவார். அதே கையோடு கல்லாவைத் திறப்பார். இரண்டும் அவருக்கு ஒரே வேலை. வந்த புதிதில் ஞாயிற்றுக்கிழமை கடையில் நிற்க நான் தயங்குவதைப் பார்த்து, உன் சாமி ரொம்பக் கோபக்காரரா என்று கேட்டார். சாமி இல்லை, எங்கள் சபைதான் என்று சொல்ல எனக்கு மலாய் போதவில்லை. தலையை ஆட்டி வைத்தேன். அவர் இரக்கப்பட்டு என் சாமிக்கும் சேர்த்து ஒரு பத்தி ஏற்றினார். ஊரில் இதைப் படிக்கிறவர்கள் எனக்காக ஜெபிக்க வேண்டாம். முன்பே போதுமான அளவு ஜெபித்துவிட்டீர்கள்.

குற்றாலத்தில் பேரருவிக்குப் போகும் வழியில் எங்களுக்கு ஒரு சின்னக் கடை இருந்தது. எண்ணெய், சீயக்காய், சோப்பு, துண்டு. சாரல் விழும் மாதங்களில்தான் வியாபாரம். அதிலும் ஞாயிற்றுக்கிழமைதான் கூட்டம். தென்காசியில் எங்கள் சபைக்கோ ஞாயிறு ஓய்வுநாள். அந்த வருஷம் என் தங்கை எஸ்தருக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மூன்று ஞாயிறு ஆராதனையில் கல்யாண அறிவிப்பாக ஓலை வாசித்து, யாரும் தடை சொல்லாவிட்டால்தான் கல்யாணம். முதல் ஓலை வாசித்த அன்று சாயங்காலம் நான் கடையைத் திறந்தது சபைப் பெரியவர் ஞானமுத்து அண்ணாச்சியின் காதுக்குப் போய்விட்டது. ஓய்வுநாளில் ஒரு சோப்பு விற்றாலும் ஓலை நிற்கும் என்று ஆள் அனுப்பினார். அப்பா இல்லாத வீடு. பூட்டிவிட்டேன்.

அடுத்த ஞாயிறு, இரண்டாம் ஓலை முடிந்ததும், சபை சாப்பாட்டுத் தூக்குகளோடு பஸ் ஏறிக் குற்றாலத்துக்குக் குளிக்க வந்தது. தண்ணீர் கர்த்தர் கொடுத்தது, அதில் பாவமில்லை. நாங்கள் கடைக்குப் பின்னால் குடியிருந்தோம். பின்கதவைத் தட்டியது தலை சொட்டச் சொட்ட அண்ணாச்சியேதான். எஸ்தர் எட்டிப் பார்த்தாள்.

"கடையைத் தொறக்காண்டாம்ட்டி, கதவை மட்டும் தொற. பிள்ளைய எல்லாம் அங்கன ஈரத்தோட நிக்குது. ரெண்டு துண்டு குடு."

விற்றால் ஓலை நிற்கும். மறுத்தால் அண்ணாச்சி மனம் நோகும்; அப்போதும் ஓலை நிற்கும். எஸ்தர் நாலு துண்டை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"விக்கதுதான பாவம், அண்ணாச்சி? சும்மா கொண்டு போங்க."

அண்ணாச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. இதல்லவா விசுவாசம் என்றார். அதோடு விட்டிருக்கலாம், அருவிக்கரையில் போய்ச் சாட்சியாகவும் சொல்லிவிட்டார். சபை வரிசையாக வந்தது. எண்ணெய் கேட்டார்கள், சோப்பு கேட்டார்கள். ஓர் அம்மாள் பச்சைக்கரை போட்ட துண்டுதான் வேண்டும் என்று நின்றார்.

மூன்றாம் ஓலையைப் போதகர் என்றுமில்லாத கனிவோடு வாசித்தார். தடை சொல்ல ஒருவரும் எழவில்லை. அன்று மத்தியானமும் எல்லோருக்கும் குளிக்கப் போக வேண்டியிருந்தது. எஸ்தர் இன்று சுரண்டையில் நன்றாக வாழ்கிறாள். கடைதான் அந்தச் சாரலைத் தாண்டவில்லை. நான் நாகப்பட்டினத்தில் கப்பலேறினேன்.

இங்கே தமிழ் ஆராதனை முடிந்தவர்கள் வேதப்புத்தகத்தோடு நேரே எங்கள் கடைக்கு வருகிறார்கள். கூச்சமில்லாமல் பேரம் பேசுகிறார்கள், இந்த ஊர்க் காசான வெள்ளியை நீட்டுகிறார்கள். துண்டைக் கொடுக்க என் கை தாராளமாக நீளுகிறது. காசை வாங்க வேண்டிய நேரத்தில் அதே கை, பினாங்குக்கும் குற்றாலத்துக்கும் நடுவில், அந்தரத்தில் கொஞ்சம் நின்றுவிடுகிறது.