உரியாத சாயம்

"வீட்டுக்குப் பின்னால பலகை அடிச்சு டெக் போட்டிருக்கோம் சார்" என்று யாராவது சொல்லத் தொடங்கியதும் அவர் கண்ணை மூடிக்கொள்வார். அதற்கு மேல் எதுவும் சொல்லக் கூடாது. வலது கையை லேசாக உயர்த்தி வாடிக்கையாளரை நிறுத்திவிட்டு, போகாத வீட்டின் பின்பக்கத்தையும் பார்க்காத பலகைகளையும் உள்ளுக்குள் பார்த்துக்கொண்டிருப்பார். பத்து எண்ணும் நேரம். பிறகு கண்ணைத் திறந்து "தேன் பழுப்பு" என்பார். சில நாள் "அந்திப் பழுப்பு" என்பார். நாடி பிடித்தே வியாதியைக் கண்டுவிட்டவரின் களைப்பு அப்போது முகத்தில் தெரியும்.

பெயிண்ட் கடையில் அவருக்கு டாக்டர் என்று பெயர். கேலிக்கு வைத்ததுதான். அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டதில் வைத்தவர்களுக்கே சப்பென்று ஆகிவிட்டது. இப்போது மேலாளர்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார். நிறத்தைச் சொன்னதும் ஒரு சின்னச் சீட்டில் எழுதிக் கிழித்துக் கொடுப்பார். நிறத்தின் பெயர், எத்தனை டப்பா, கீழே 'மூன்று கோட்டிங்', அதற்கும் கீழே அழுத்தமாக இரண்டு கோடு. கையெழுத்தும் டாக்டர் கையெழுத்துதான். சாயம் கலக்கும் இயந்திரத்தில் நிற்கிற பெண்ணைத் தவிர வேறு யாருக்கும் அது புரியாது.

மரத்தளத்துக்குச் சாயம் கேட்டு வருகிறவரிடம் கேட்பதற்கு நாலு கேள்வி இருக்கிறது. என்ன மரம், புதுசா பழசா, வெயில் எவ்வளவு நேரம் விழுகிறது, ஏற்கெனவே ஏதாவது பூசியிருக்கிறதா. கேட்டு முடிக்க ஒரு நிமிஷம் ஆகாது. டாக்டர் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "உங்க சோபா என்ன கலர்?"

இதற்குக் காரணம் உண்டு. இந்தப் பிரிவுக்கு வருவதற்கு முன் அவர் திரைச்சீலை விற்றுக்கொண்டிருந்தார். மாற்றல் கொடுத்த அன்று வண்ண அட்டைகளை ஒரு மணி நேரம் புரட்டினார். அத்துடன் படிப்பு முடிந்தது. அவரைப் பொறுத்தவரை மரம் என்பது கொஞ்சம் கெட்டியான துணி. வெயிலில் வெளுக்கும், பொருத்தமான நிறத்தில் இருந்தால் விருந்தாளிகள் பாராட்டுவார்கள், அவ்வளவுதான். பலகை ஈரத்தைக் குடித்து உப்பும், காய்ந்தால் சுருங்கும், வெட்டுமுனை வழியாகத்தான் அதிகம் குடிக்கும் என்பதெல்லாம் யாரோ அவருக்குப் பிடிக்காதவர்கள் கிளப்பிவிட்ட வதந்தி. பதினோரு வருஷமாக மரச்சாயம் விற்கிறார். நகக்கண்ணில் ஒரு துளி கறை கிடையாது. அவருடைய வீட்டில் தரை முழுக்க டைல்ஸ். ஆணி அடிக்கவே பக்கத்து வீட்டுக்காரரைத்தான் கூப்பிட வேண்டியிருக்கிறது என்று அவர் மனைவி கடைக்கே வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.

ஆனால் பூசும் முறையைக் காற்றில் செய்து காட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. கல்லாவுக்குப் பின்னால் நின்று, இல்லாத தூரிகையை இல்லாத சாயத்தில் தோய்த்து, மேலிருந்து கீழாக நீளமாக இழுப்பார். "பட்டு மாதிரி இழுக்கணும் மேடம். கை நடுங்கக் கூடாது." தரையில் மேல் எது, கீழ் எது என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. பலகையின் நீளவாக்கில், இரண்டு மூன்று பலகையாக எடுத்து, இந்த முனையில் தொடங்கி அந்த முனையில் போய்த்தான் நிறுத்த வேண்டும்; நடுவில் விட்டால் காய்ந்ததும் ஈரமும் சேருகிற இடத்தில் பட்டை பட்டையாகக் கறுக்கும். இதை அவர் யாருக்கும் சொன்னதில்லை. தெரிந்தால்தானே சொல்ல.

கலக்கும் இயந்திரத்துப் பெண்ணுக்குத் தெரியும். கடையின் பின்புறத்தில், குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில், அவள் பத்துப் பதினைந்து துண்டுப் பலகைகளை வெயிலிலும் மழையிலும் போட்டு வைத்திருக்கிறாள். மதியம் சாப்பிட்ட கையோடு போய், ஒவ்வொன்றின் மேலும் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்ப்பாள். உருண்டு நின்றால் காப்பு இருக்கிறது. உடனே உள்ளே போய்விட்டால் காப்பு தீர்ந்துவிட்டது, மறுபடி பூச வேண்டும். அந்தப் பலகைகள் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததை அவள் ஒருமுறை டாக்டரிடம் பணிவாகவே சொல்லிப் பார்த்தாள். சாயம் இரண்டு சாதி. ஒன்று மரத்துக்குள் ஊறி அடங்கிவிடும். மற்றது மேலே தோல் கட்டும். தோல் கட்டுவது பளபளப்பாக இருக்கும். கதவுக்கும் ஜன்னலுக்கும் சரி. மிதிபடுகிற தரையில் எப்படியும் கீறல் விழும், கீறல் வழியாகத் தண்ணீர் இறங்கும், இறங்கிய தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் தோலைத் தூக்கும். நடக்கிற இடத்துக்கு ஊறுகிற சாயம்தான், அதுவும் மரம் குடிக்கிற அளவுக்கு மட்டும். மிஞ்சியதைத் துணியால் துடைத்து எடுத்துவிட வேண்டும்.

டாக்டர் பொறுமையாகக் கேட்டார். "ஏம்மா, உன் வேலை கலக்குறது. என் வேலை கலங்காம இருக்கிறது. அவங்கவங்க வேலைய அவங்கவங்க பார்ப்போம்" என்றார். சொன்னது தனக்கே பிடித்துப்போய் அன்று மாலைக்குள் இன்னும் மூன்று பேரிடம் சொன்னார். பளபளப்பைத்தான் தொடர்ந்து விற்றார். அட்டையில் பளபளப்புத்தான் அழகாக இருந்தது.

அந்தப் பளபளப்பை வாங்கிப் போனவர்களில், வீட்டிலேயே குழந்தைகள் காப்பகம் நடத்துகிற ஒரு பெண்மணியும் உண்டு. வேலைக்குப் போகிற தாய்மார் பதினொரு பேரின் பிள்ளைகள் காலை முதல் மாலை வரை அவள் பொறுப்பில். பின்பக்கத்து மரத்தளம்தான் அவர்களுக்கு விளையாட்டு இடம். அவளுடைய சோபா சாம்பல் நிறம் என்று தெரிந்ததும் டாக்டர் கண்ணை மூடித் திறந்து தேன் பழுப்பு எழுதிக் கொடுத்தார். அவளும் அவள் கணவனும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை முழங்காலில் நின்று, சீட்டில் இருந்தபடியே மூன்று கோட்டிங் அடித்தார்கள். மூன்று மாதம் கண்ணாடி மாதிரி இருந்தது. ஒரு மழைக்காலம் போனதும் அப்பளம் அப்பளமாகக் கிளம்பிவிட்டது.

காப்பகத்தைச் சோதிக்க வந்த அதிகாரி பார்த்த நேரம், ஒரு குழந்தையின் நாக்கில் தேன் பழுப்புச் செதில் ஒன்று ஒட்டியிருந்தது. மூன்று வாரத்துக்குள் தரை சுத்தமாக வேண்டும், அதுவரை தளத்துக்குப் போகிற கதவைப் பூட்டி வைக்க வேண்டும், இல்லையென்றால் உரிமம் புதுப்பிக்கப்படாது என்று எழுதிவிட்டுப் போனார். அதில் ஒரு வாரம் ஓடிவிட்டிருந்தது. பழைய தோலை மருந்து போட்டு நீக்கி, உப்புத்தாள் இயந்திரம் ஓட்டி, கழுவி, இரண்டு மூன்று நாள் காயவிட்டு, மறுபடி பூச வேண்டும். பதினொரு குழந்தைகளை வைத்துக்கொண்டு ஒருத்தியால் ஆகிற வேலையா அது?

கடைக்கு ஒரு விதி இருந்தது. ஆலோசகர், அதாவது டாக்டர், தேர்ந்தெடுத்துக் கொடுத்த சரக்கு தவறு என்றால் கடையே ஆளையும் இயந்திரத்தையும் அனுப்பிச் சரிசெய்து தரும். பூசியவர் மேல் தவறு என்றால் ஒன்றும் கிடையாது. எது என்று ஆலோசகர் புகார்ப் புத்தகத்தில் எழுத வேண்டும், வாடிக்கையாளர் கீழே கையெழுத்துப் போட வேண்டும். நாற்காலியை விட்டு நகராத மேலாளர் மாலையில் புத்தகத்தைத் தானே திறந்து பார்த்து முடிவு சொல்வார். பதினோரு வருஷத்தில் டாக்டர் தன் தேர்வு தவறு என்று ஒரு வரி எழுதியதில்லை. அப்படி ஒரு வரி இல்லாத பக்கங்களைத்தான் அவர் தன் திறமை என்று நம்பிக்கொண்டிருந்தார்.

காப்பகத்துப் பெண்மணி ஒரு உறையில் செதில்களைப் போட்டுக் கடைக்குக் கொண்டுவந்திருந்தாள். டாக்டர் அவற்றை விரலால் தொடாமல் பேனாவால் புரட்டிப் பார்த்தார். இது தங்கள் சரக்குத்தான் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டார். வெந்நீர் ஊற்றினீர்களா, என்ன சோப்பு, நாய் உண்டா என்று வக்கீல் மாதிரி வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்று வந்ததும் கடைசியில் கண்டுபிடித்தார்.

"குழந்தைங்க குதிச்சிருப்பாங்க மேடம்."

"குதிக்காம உட்கார்ந்து பேப்பரா படிப்பாங்க?"

"அதான் சொல்றேன். மேலே இன்னொரு கோட்டிங் போடுங்க, கப்புன்னு பிடிச்சுக்கும்."

"எது மேல சார் போடறது? கீழ இருக்கிறதே பிடிக்கலையே."

உறையில் இருந்ததைக் குப்பைக் கூடையில் கொட்டிவிட்டு அவர் அடுத்த வாடிக்கையாளரைப் பார்த்துத் திரும்பினார். அப்போது இயந்திரத்துக்குப் பின்னாலிருந்து அந்தப் பெண் குரல் கொடுத்தாள். வீடு பக்கத்துத் தெருதானே, சார் நேரில் போய்ப் பார்த்தால் ஒரே பார்வையில் சொல்லிவிடுவாரே என்றாள். குரலில் அத்தனை மரியாதை. மேலாளர் தலையைத் தூக்கிப் பார்த்தார். புகழ்ச்சியை மறுத்துப் பழக்கமில்லாத டாக்டர் புகார்ப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

தான் விற்ற சாயம் பூசிய தரையில் அவர் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. செருப்பை வெளியே விடச் சொன்னாள் அவள். நாலு எட்டு வைப்பதற்குள் காலுறையின் அடியில் செதில் செதிலாக ஒட்டிக்கொண்டது. பூட்டிய கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் பதினொரு மூக்குகள் வரிசையாக நசுங்கி நின்றன. "அத்தை, இந்தத் தாத்தாவா நம்ம டெக்க திறந்து விடப்போறாரு?" என்று ஒரு பெண் குழந்தை கேட்டது. தலைக்கு அந்திப் பழுப்பு அடித்திருந்த டாக்டர் அது காதில் விழாத மாதிரி வானத்தைப் பார்த்தார்.

பிறகு பழக்கம் போலக் கண்ணை மூடினார். பத்து எண்ணும் நேரம். திறந்தபோது தரை அப்படியே இருந்தது. நிழல் விழுகிற சுவர் ஓரத்தில் மட்டும் தேன் பழுப்பு மினுங்கியது. நடுவில் பலகை நரைத்து, ஓரங்களில் தோல் சுருண்டு நின்றது. அந்தச் சுவர் ஓரத்தைச் சுட்டிக்காட்டி, பார்த்தீர்களா, நன்றாக இருக்கிற இடத்தில் எவ்வளவு நன்றாக இருக்கிறது என்றார்.

அவள் சண்டை போடவில்லை. "உங்க மேல குத்தம் சொல்ல வரல சார். இது தரைக்கு ஆகாத சரக்குன்னு ஒரு வரி எழுதுங்க. ரெண்டு வாரம்தான் இருக்கு. பதினொரு வீட்ல அம்மாமாருங்க நாளைக்கு வேலைக்குப் போகணும்" என்றாள்.

டாக்டர் படிக்கட்டின் விளிம்பில் உட்கார்ந்து புத்தகத்தை மடியில் விரித்தார். எழுதுவதற்கு முன்னால் அவளுக்குப் புரிய வைத்துவிட வேண்டும் என்று அவருக்கு உண்மையிலேயே ஆசை. இந்தச் சரக்கின் பெருமையைத் தொடக்கத்திலிருந்து ஆரம்பித்தார். எத்தனை சோதனை, எத்தனை வருஷ உழைப்பு, எப்பேர்ப்பட்ட பிடிமானம். வலது கையில் பேனா. சும்மா கிடந்த இடது கை பக்கத்துப் பலகையைத் தடவிக்கொண்டே போய், சுருண்டு நின்ற ஒரு விளிம்பைக் கண்டுபிடித்தது. கட்டைவிரல் நகம் அதன் அடியில் நுழைந்தது. வெந்த உருளைக்கிழங்கின் தோல் மாதிரி ஒரு விரல் நீளம் சத்தமே இல்லாமல் வந்தது.

"இது உரியற ஜாதியே இல்ல மேடம்" என்றார் டாக்டர்.

விரல் நீளம் சாண் ஆயிற்று. உரிக்கத் தொடங்கியதை அறுந்துபோகாமல் கொண்டுபோக வேண்டும் என்கிற அக்கறை எல்லா மனிதக் கைகளுக்கும் உண்டு. அவருடைய கையும் பலகையோடு தாழ்ந்து, இழுவையைச் சீராக வைத்து, பதினோரு வருஷத்தில் முதல்முறையாக மரத்தில் ஒரு வேலையை ஒழுங்காகச் செய்தது, அதுவும் பலகையின் நீளவாக்கில். அவள் கண் அந்தக் கையோடு நகர்ந்தது. கண்ணாடிக்குப் பின்னால் பதினொரு மூக்குகளும் அந்தப் பக்கமே நகர்ந்தன. பிடிமானம் பற்றி அவர் பேசி முடித்தபோது முழங்கை நீளத்துக்கு ஒரு தேன் பழுப்புப் பட்டை அவர் இடது கையில் தொங்கிக்கொண்டிருந்தது.

வலது கை எழுதியது. எழுதியதை அவளுக்குக் கேட்கும்படி நிறுத்தி வாசித்தார்: "நேரில் பார்த்தேன். சாயம் மரத்தில் உறுதியாக ஒட்டியிருக்கிறது. இது உரியாது. பிள்ளைகள் குதித்ததே காரணம்." வாசித்துவிட்டுப் பேனாவை நீட்டினார்.

அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். இதற்குக் கையெழுத்துப் போடுவதைவிடப் பலகைகளைப் பெயர்த்து எரித்துவிடலாம் என்று முகத்தில் எழுதியிருந்தது. பரவாயில்லை, யோசித்துப் போடுங்கள், மேலாளர் மாலையில்தான் பார்ப்பார் என்று டாக்டர் பெரிய மனசோடு சொன்னார். மேலாளர் தேடாமல் நேரே இந்தப் பக்கத்தைத் திறக்க ஒரு அடையாளம் வேண்டுமே என்று சட்டைப் பையைத் தடவினார். சீட்டுக் கட்டைக் கடையிலேயே விட்டுவிட்டார். இடது கையில் தொங்கியதைப் பார்க்காமலே இரண்டாக மடித்து, எழுதிய வரியின் மேலேயே வைத்தார்.

அவள் கட்டியிருந்த கையை விடுவித்தாள்.

"பேனாவக் குடுங்க சார்."

குனிந்து, பட்டை அசையாமல், அதன் பக்கத்தில் தேதியோடு கையெழுத்துப் போட்டாள். டாக்டர் திருப்தியாகத் தலையை ஆட்டிப் புத்தகத்தை மூடினார். மேல் அட்டை சற்றுத் தூக்கிக்கொண்டு நின்றது. உள்ளே இருப்பது வழியில் நழுவி விழுந்துவிடாதபடி உள்ளங்கையை வைத்து ஒரு தடவை நன்றாக அழுத்தினார்.